மஞ்சள் தடவிய ரிப்போர்ட்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் லேப் பிள்ளைகளுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். நல்ல வார்த்தைக்குப் பேர் போனவள் இல்லை நான். முப்பது வருஷத்துக்கு மேல் ரத்த சாம்பிள் குழாய்களோடு மாரடித்தவள். என்னிடம் திட்டு வாங்காத ஜூனியர் இந்தத் தஞ்சாவூர் வட்டாரத்தில் யாராவது இருந்தால், அவர் அன்றைக்கு லீவில் இருந்திருப்பார். அதனால் நல்ல வார்த்தையை வேறு யாராவது எழுதட்டும். நான் செய்த ஒரு தப்பை எழுதுகிறேன். ரத்த குரூப்பைத் தப்பாகப் பார்த்த கதை என்று நினைத்துவிடாதீர்கள். குரூப்பைச் சரியாகப் பார்த்து, சரியாக எழுதி, கையெழுத்தும் போட்டுச் செய்த தப்பு.

அதைச் சொல்வதற்கு முன்னால் இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிது. பிறந்த குழந்தைக்கு ஓ பாசிட்டிவ் என்று வந்தது. அப்பாவுக்கு ஏபி. படித்ததெல்லாம் மண்டையில் சூடு ஆறாமல் இருந்த நேரம். ஏபி அப்பாவுக்கு ஓ பிள்ளை பிறக்காதே என்று கவுன்டரில், நாலு பேர் காதில் விழ, சொல்லிவிட்டேன். அந்த மனிதர் அப்படியே நின்றார். கூட வந்திருந்த அவருடைய அக்கா என்னைப் பார்க்கவில்லை, பிரசவ வார்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

அப்போது எனக்கு மேலே ஒரு சீனியர் இருந்தார். பேர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. அவர் புதிதாக ரத்தம் எடுத்துவரச் செய்து, தானே பார்த்தார். குழந்தைக்கு பி. இரண்டு குழந்தைகளின் குழாய்களில் பெயர்ச் சீட்டை மாற்றி ஒட்டியிருந்தேன். ஒட்டியது நான். பிறக்காதே என்று சட்டம் பேசியதும் நான். அவர் வெளியே போய் அந்த அப்பாவிடமும் அக்காவிடமும் கையெடுத்துக் கும்பிட்டு, தப்பு எங்களுடையது என்று சொன்னார். உள்ளே வந்து என்னிடம் சொன்னது இவ்வளவுதான். “ரிப்போர்ட்டைக் குடு. வாயை வெச்சுக்கிட்டு சும்மா இரு.”

நான் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டேன். கொஞ்சம் அதிகமாகவே பிடித்துக்கொண்டேன். அதற்கப்புறம் யார் என்ன கேட்டாலும் “டாக்டர்கிட்ட கேளுங்க” என்பதுதான் என் பதில். வருஷக்கணக்கில் ஒரு வம்பும் இல்லை. நல்ல டெக்னீஷியன் என்று பேர்கூட வாங்கினேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வயல்களுக்கு நடுவே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இருந்தேன். சம்பா நடவு முடிந்து ஜனங்களுக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைத்திருந்த சமயம். நன்னிலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு விவசாயி தன் மகளையும், தங்கையையும், தங்கை மகனையும் கூட்டிக்கொண்டு வந்தார். மகளுக்கும் அந்தப் பையனுக்கும் கல்யாணம் பேசியிருக்கிறது. மாமன் மகள், அத்தை மகன். நம் பக்கத்தில் இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. இரண்டு வீட்டு வயலும் ஒரே வாய்க்காலில் பாய்கிறவை, இரண்டு பேரும் ஒரே கோயிலுக்கு முடியிறக்கியவர்கள். வெளியில் பெண் எடுத்தால்தான் ஊர் ஏன் என்று கேட்கும்.

ஆனால் ஊருக்கு வரும் கிராமச் செவிலியர், சொந்தத்தில் கட்டாதீர்கள், பிள்ளைக்கு ஆகாது என்று சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் அதை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விடவில்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். மகள் மேல் உயிராக இருந்த மனுஷன், இரண்டு நாள் தூங்காமல் யோசித்து, யார் யாரையோ விசாரித்து, ரத்தம் ஒன்றாக இருந்தால்தான் கெடுதல், வேறு வேறாக இருந்தால் ஒன்றும் வராது என்று ஒரு முடிவுக்கு வந்து, அதைப் பார்த்துச் சொல்லக்கூடிய இடம் லேப்தான் என்று வந்திருக்கிறார். வந்த இடம் சரி. கேட்ட கேள்விதான் வேறு.

உங்களுக்கும் இந்த ஆசாமிகள் வருவார்கள். ஒரே குரூப் என்றால் அண்ணன் தங்கை மாதிரி, கட்டக்கூடாது என்பார்கள். வேறு குரூப் என்றால் சொந்தமே ஆனாலும் ரத்தம் வேறு, கட்டலாம் என்பார்கள். இரண்டும் தப்பு. ஒரே வயிற்றில் பிறந்த அண்ணனுக்கு ஏ, தம்பிக்கு பி என்று இருக்கலாம். திருவிடைமருதூரில் இருப்பவருக்கும் கோடியக்கரையில் உப்பளத்தில் வேலை செய்பவருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, இரண்டு பேருக்கும் ஓ பாசிட்டிவ் இருக்கலாம். குரூப் என்பது பெற்றவர்கள் கொடுக்கிற ஆயிரம் சங்கதியில் ஒரு சங்கதி. மிச்சத்தைப் பற்றி அது வாயே திறக்காது.

இதெல்லாம் எனக்கு அன்றைக்கே தெரியும். பெண்ணுக்கு ஏ பாசிட்டிவ், பையனுக்கு பி பாசிட்டிவ். இரண்டு சீட்டையும் நீட்டினேன். அவர் வாங்கி, கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“ரெண்டும் வேற வேறதானே மேடம்? அப்ப சொந்தத்துல பண்ணலாம்ல?”

அது இரண்டு கேள்வி. நான் ஒன்றுக்குப் பதில் சொன்னேன்.

“குரூப் வேற வேறதாங்க.”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. தங்கையைப் பார்த்துத் தலையாட்டினார். அந்தப் பெண் சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள். போகும்போது ஒரு சீப்பு பூவன்பழத்தை மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார். வெட்கமில்லாமல் நாங்கள் அதைச் சாப்பிட்டோம்.

அப்புறம் எனக்கு மாற்றல் வந்தது. ஒரு பெரிய ரத்த வங்கிக்குப் போனேன். அந்தக் குடும்பத்தை மறந்தே போனேன். மூன்று வருஷம் இருக்கும். குழந்தைகள் வார்டிலிருந்து ஒரு சீட்டு வந்தது. பெண் குழந்தை, ஒன்றேகால் வயது, தலசீமியா. புதியவர்களுக்காகச் சொல்கிறேன். உடம்பு நல்ல ரத்தம் செய்யத் தெரியாமல் பிறக்கும் பிள்ளைகள் இவர்கள். மூன்று வாரம், நாலு வாரத்துக்கு ஒரு முறை அடுத்தவர் ரத்தம் ஏற்றினால்தான் ஓடி விளையாட முடியும். நான் சாம்பிளை எடுத்துப் பார்த்து, ஓ பாசிட்டிவ் என்று எழுதி வார்டுக்கு அனுப்பிவிட்டு, பொருந்துகிற ரத்தப் பையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அப்போது குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அம்மாவே கவுன்டருக்கு வந்துவிட்டாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயசு இருக்கும். பேர் சுதா என்றாள். கணவர் நெல் அறுக்கிற மிஷின் ஓட்டுகிறவர், அறுப்புக்கு வெளி மாவட்டம் போயிருக்கிறார், அதனால் தனியாக வந்திருக்கிறாள். குழந்தை வெளுத்த மாவு மாதிரி இருந்தது. சுதா சண்டைக்கு வரவில்லை, பயந்துபோய் வந்திருந்தாள்.

“மேடம், பாப்பாவுக்கு ஓன்னு போட்டிருக்கீங்க. எனக்கு ஏ, அவங்களுக்கு பி. எங்க ரெண்டு பேர்கிட்டயும் இல்லாத ஓ எப்படி வரும்? தப்பா ஏத்திடப் போறீங்க.”

எனக்கு சுருக்கென்று கோபம் வந்தது. என் குரூப்பில் தப்பா என்கிற கோபம். உனக்கு ஏ என்று யார் சொன்னது என்று கேட்டேன். அவள் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தாள். அதற்குள் இரண்டு சீட்டு. கல்யாணத்தின்போது ஜாதகத்தோடு சேர்த்து வைத்திருந்தது என்றாள். நம் ஊரில் கல்யாணப் பத்திரிகைக்குத் தடவுவது போல நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. அடியில் என் கையெழுத்து.

ஜாதகம் பார்ப்பவர் எழுதிக் கொடுத்த பொருத்தத்தோடு என் சீட்டையும் சாமி முன்னால் வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். பின்னால் யாரோ பிளாஸ்மா கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். “டாக்டர்கிட்ட கேளும்மா” என்கிற வாக்கியம் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அதைச் சொல்லியிருந்தால் அவள் போயிருப்பாள். என் வேலையும் முடிந்திருக்கும்.

முதலில் அவள் கண் முன்னாலேயே குழந்தையின் குரூப்பை இன்னொரு முறை பார்த்துக் காட்டினேன். மறுபடியும் ஓதான். பையைக் கொடுத்தனுப்பி, ரத்தம் இறங்க ஆரம்பித்த பிறகு வார்டுக்குப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். குரூப் என்பது ஆளுக்கு இரண்டு பங்கு, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று ஆரம்பித்தேன். உன்னிடம் ஒரு ஏ, ஒரு ஓ இருக்கிறது. ஏ பக்கத்தில் ஓ இருந்தால் ஓ வெளியே தெரியாது, எந்த லேபில் பார்த்தாலும் ஏ என்றுதான் எழுதுவார்கள். உன் வீட்டுக்காரரிடம் ஒரு பி, ஒரு ஓ. பிள்ளைக்கு ஆளுக்கு ஒரு பங்குதான் கொடுக்க முடியும். நீங்கள் இரண்டு பேரும் அந்த ஒளிந்திருந்த ஓவைக் கொடுத்திருக்கிறீர்கள், அதனால் பாப்பா ஓ. உன் பாப்பா உன் பாப்பாதான், குரூப்பும் சரிதான் என்றேன்.

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். எவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொண்டாள் என்கிறீர்கள். “வெத நெல்லுல கலப்பு இருந்தா கதிர் வர்ற வரைக்கும் தெரியாதே, அந்த மாதிரியா மேடம்?” என்றாள். அதேதான் என்றேன். கொஞ்ச நேரம் பையிலிருந்து சொட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்து என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது.

“இந்த நோவும் அப்படித்தானா? எங்க ரெண்டு பேர்கிட்டயும் ஒளிஞ்சிருந்துச்சா?”

ஆமாம் என்றேன். ஒரு பங்கு மட்டும் இருந்தால் ஆளுக்கு ஒன்றும் தெரியாது, வயல் வேலை, வீட்டு வேலை எல்லாம் செய்யலாம். இரண்டு பேரும் அந்தப் பங்கைக் கொடுத்தால்தான் பிள்ளைக்கு நோய். உங்கள் தாத்தா பாட்டியில் யாரிடமாவது இருந்திருக்கும். உன் அப்பா வழியாக உனக்கும், உன் அத்தை வழியாக அவருக்கும் வந்திருக்கும் என்றேன்.

“குரூப் வேறன்னா ஒண்ணும் வராதுன்னு அப்பா சொன்னாங்களே. லேப்ல என் முன்னாடிதானே கேட்டாங்க.”

“அந்த லேப்ல இருந்தது நான்தாம்மா. அந்தக் கையெழுத்து என்னோடது. அவர் கேட்டாரு. நான் சொல்லல.”

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் சீட்டை மடித்துக் கவரில் போட்டு, கவரைப் பைக்குள் வைத்தாள். குழந்தை தூக்கத்தில் சிணுங்கியது, தட்டிக் கொடுத்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

அடுத்த இரண்டு மாசம் அவள் வரும்போதெல்லாம் என் கவுன்டரை விட்டுவிட்டு, என்னோடு வேலை பார்த்த பையனிடம் சீட்டைக் கொடுத்தாள். பாப்பாவுக்கான பையை நான்தான் எடுத்து வைப்பேன், அது அவளுக்குத் தெரியாது. எனக்கு வந்த ரோஷத்தைக் கேளுங்கள். நானாகச் சொன்னதற்கு இந்த மரியாதையா என்று ஒரு நாள் மனசுக்குள் முணுமுணுத்தேன். உடனே என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

மூன்றாவது மாசம், ஒரு திங்கட்கிழமை, நேராக என் முன்னால் வந்து நின்றாள். இடுப்பில் பாப்பா. பின்னால் ஒரு பையனும் ஒரு பெண்ணும். பையன் சுதாவின் தம்பி பிரபு. பெண் தேவி, சுதாவின் நாத்தனார், அதாவது அவள் கணவரின் தங்கை. பெண் கொடுத்துப் பெண் எடுக்கிறார்கள். பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள். பாப்பாவுக்கு வந்தது யாரோ கண்ணு வைத்தது என்று வீட்டில் முடிவாகியிருக்கிறது. சுதாவின் அப்பா இந்த முறையும் விடாமல் இரண்டு பேருக்கும் ஒரு தனியார் லேபில் குரூப் பார்த்து, ஓ, பி என்று வேறு வேறாக வந்ததும் நிம்மதியாகிவிட்டார்.

“பாப்பாவுக்கு ரத்தம் குடுக்கப் போறாங்கன்னு வீட்ல சொல்லிக் கூட்டியாந்திருக்கேன்,” என்றாள் சுதா. “எங்களுக்குச் சொல்லாததை இவங்களுக்குச் சொல்லுங்க.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கவுன்டரில் அழக்கூடாது என்று ஜூனியர்களைத் திட்டியவள் நான். மூக்கைச் சிந்திக்கொண்டு, குழந்தைகள் வார்டு டாக்டரிடம் மூன்று பேரையும் கூட்டிப் போனேன். இதையும் கவனியுங்கள். நோயின் ஒளிந்த பங்கு இருக்கிறதா என்று பார்க்கிற பரிசோதனையை எழுதிக் கொடுப்பதும், முடிவைச் சொல்வதும் டாக்டர் வேலை. என் சீனியர் சொன்னதில் தப்பே இல்லை. நமக்குத் தெரியாததை நாம் சொல்லக்கூடாது. ஆனால் கேட்டவர் தப்பான கதவைத் தட்டுகிறார் என்று தெரிந்தால், கையைப் பிடித்துச் சரியான கதவில் விட வேண்டும். அன்றைக்கு சுதாவின் அப்பாவிடம் “குரூப்புக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைங்க, வாங்க, டாக்டரைப் பார்ப்போம்” என்று நான் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான்.

டாக்டர் பொறுமையாகப் பேசினார். இரண்டு பேரிடமும் அந்த ஒளிந்த பங்கு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒன்று பாப்பா மாதிரி ஆக வாய்ப்பு. ஒருவரிடம் மட்டும் இருந்தால் இந்த நோய் பிள்ளைக்கு வராது. பிரபு, இருந்தால் நாங்கள் என்ன செய்யணும் என்று கேட்டான். முதலில் பார்ப்போம் என்றார் டாக்டர். தேவி கையை நீட்டினாள். சின்ன வயசிலிருந்து இவன்தான் என்று நினைத்துக்கொண்டிருந்த பெண். ஊசி குத்தும்போது அவள் பாப்பாவைத்தான் பார்த்தாள். பாப்பா அவளைப் பார்த்துக் கை தட்டியது.

சாம்பிளை வெளியே அனுப்பினோம். வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. இருக்கு என்று வந்தால் அந்த இரண்டு பிள்ளைகளும் பிரிய வேண்டும், இல்லாவிட்டால் பயந்துகொண்டே வாழ வேண்டும். சுதாவை வீட்டில் சும்மா விடுவார்களா, தம்பி கல்யாணத்தைக் கெடுத்தவள் என்பார்கள். வராதே, வந்துவிடாதே என்று பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு முணுமுணுத்திருக்கிறேன். பக்கத்து சீட் அம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. மூன்று பேரும் வந்தார்கள். விட்டுவர ஆள் இல்லாமல் பாப்பாவும் கூடவே. டாக்டர் என்னையும் உட்காரச் சொன்னார். பிரபுவிடம் அந்தப் பங்கு இருக்கிறது. தேவியிடம் இல்லை. இந்த நோயைப் பொறுத்தவரை உங்கள் பிள்ளைக்கு பயம் இல்லை என்றார். சொந்தத்தில் வேறு எது ஒளிந்திருக்கும் என்று இந்த ஒரு பரிசோதனை சொல்லாது, அதை நன்றாக யோசித்து முடிவு செய்யுங்கள் என்பதையும் மறைக்காமல் சொன்னார். பெற்றவர்களைக் கூட்டி வாருங்கள், அவர்களிடமும் நானே பேசுகிறேன் என்றார்.

பிரபு ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தான். தேவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. தேவியின் முதுகைத் தடவிக்கொண்டே சுதாவைத் தேடினேன். அவள் கதவோரம் நின்றிருந்தாள். பாப்பா அவள் தாலிச் சங்கிலியைப் பிடித்து இழுத்து விளையாடிக்கொண்டிருந்தது.

“நல்ல சேதிதான்ம்மா” என்றேன்.

தலையாட்டினாள். பிறகு கேட்டாள்.

“ரத்தம் எடுத்து எத்தனை நாள் ஆச்சு மேடம்?”

“திங்கக்கிழமை எடுத்தது. நாலு நாள்.”

“நாலு நாளா?” என்றாள். பாப்பாவின் விரல்களைச் சங்கிலியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். “நீங்க சீட்டு எழுதிக் குடுத்ததுக்கும் எங்க கல்யாணத்துக்கும் நடுவுல ரெண்டு மாசம் இருந்துச்சு மேடம்.”

குரலில் கோபமே இல்லை. குழந்தையை இடுப்பில் சரியாக வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று தம்பியைக் கூப்பிட்டாள்.